பால் கேலிக்கோ: குத்துச்சண்டை ரிங்கிலிருந்து பனிவாத்து வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிழ்ந்த கப்பல் படம் பார்த்தவர்கள் ஒரு பக்கம், டியோர் கவுனுக்காகப் பாரிஸ் போன வேலைக்கார அம்மாவின் படம் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பூனைக் கதை படித்தவர்கள் இன்னொரு பக்கம். மூன்று பக்கமிருந்தும் வரும் சந்தேகங்கள் ஒரே ஆளைப் பற்றியவை. அந்த ஆள் அதற்கு முன் பதின்மூன்று வருடம் விளையாட்டுப் பக்கம் எழுதிப் பிழைத்தவர் என்றால் பலர் நம்புவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பால் கேலிக்கோன்னா யாரு? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர், நாவலாசிரியர். 1897 ஜூலை 26 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 1923 முதல் 1936 வரை 'நியூயார்க் டெய்லி நியூஸ்' நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளர், பத்தியாளர், விளையாட்டு ஆசிரியர். பிறகு நாற்பது வருடம் கதை, நாவல். 1976 ஜூலை 15 அன்று பிரான்சின் ஆன்டீப் நகரில் இறந்தார். 79 வயது முடிய பதினொரு நாள் பாக்கி.

வெளியே அதிகம் தெரிந்த புத்தகங்கள் நான்கு: 'தி ஸ்னோ கூஸ்' (1941), 'ஜென்னி' (1950), 'மிஸஸ் ஹாரிஸ் கோஸ் டு பாரிஸ்' (1958), 'தி போசைடன் அட்வெஞ்சர்' (1969).

பேரைப் பாத்தா இத்தாலிக்காரர் மாதிரி இருக்கே?

அப்பா பாவ்லோ கேலிக்கோ இத்தாலியர். மேடைக் கச்சேரி செய்த பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசை ஆசிரியர். அம்மா ஆஸ்திரியாவைச் சேர்ந்தவர். இருவரும் 1895-இல் நியூயார்க் வந்து குடியேறினார்கள். மகன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஆக, ஆள் அசல் நியூயார்க்காரர், பெயர் மட்டும் இத்தாலி.

சினிமா விமர்சகரா இருந்தவர் எப்படி ஸ்போர்ட்ஸுக்கு வந்தாரு?

தூக்கியடிக்கப்பட்டு வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது துடுப்புப் படகு அணியின் கேப்டன். முதல் உலகப் போர் சமயத்தில் கடற்படையில் இருந்தார். 1922 வாக்கில் 'டெய்லி நியூஸ்' அவரைப் படவிமர்சனம் எழுத எடுத்துக்கொண்டது. விமர்சனங்களில் அதிமேதாவித்தனம் கூடிப்போனது என்று பத்திரிகை முதலாளி ஜோசஃப் மெடில் பாட்டர்சன் அவரை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். போக்கிடமாகக் கிடைத்தது விளையாட்டுப் பிரிவு. ஆரம்பத்தில் கட்டுரையில் பெயர்கூடப் போடாமல்தான் எழுத வேண்டியிருந்தது.

அந்த நிலைமையை மாற்றியது ஒரே ஒரு கட்டுரை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஹெவிவெயிட் சாம்பியன் டெம்ப்சிகிட்ட வேணும்னே அடி வாங்கினாராமே, நெசமா?

நிஜம். 1923 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் போலோ க்ரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜாக் டெம்ப்சிக்கும் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஃபிர்ப்போவுக்கும் பட்டப் போட்டி. அதற்காக டெம்ப்சி சாரடோகா ஸ்பிரிங்ஸில் முகாமிட்டிருந்தார். செய்தி சேகரிக்கப் போன கேலிக்கோ, தன்னோடு ஒரு ரவுண்டு ஆட முடியுமா என்று சாம்பியனிடமே கேட்டார். குத்துச்சண்டை தெரியாது. வாட்டசாட்டமான படகோட்டி உடம்பு மட்டும்தான் கையிருப்பு. டெம்ப்சி பயிற்சி ஆட்டத்திலும் கையை அடக்கி ஆடுபவர் அல்ல. சம்பளத்துக்குக் குத்து வாங்க வந்த ஸ்பாரிங் ஆட்களையே புரட்டி எடுத்தவர்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் கேலிக்கோவின் இடதுகை நேராக நீண்டு டெம்ப்சியின் முகத்தில் பட்டது. அந்தத் தெம்பில் நிற்கும்போதே பக்கவாட்டிலிருந்து ஓர் இடதுகை ஹூக். அது வந்ததே தெரியவில்லை என்கிறார். அடுத்து அவர் உணர்ந்தது, தரையில் உட்கார்ந்தபடி விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பதை. ஏனென்றால் கட்டடம் மொத்தமும் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு வேறு. எழுந்து டெம்ப்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தலை தெளியும்வரை பிடித்துக்கொள் என்று டெம்ப்சி காதோடு சொன்னாராம். சொன்ன கையோடு பிடரியில் சின்னச் சின்னதாகச் சில குத்துகள். ஆட்டம் முடிந்தது.

கட்டுரை வெளிவந்தது, ஊர் சிரித்தது, பாட்டர்சனுக்கும் பிடித்துப்போனது. கொஞ்ச காலத்தில் கேலிக்கோ விளையாட்டு ஆசிரியராகவும் தினசரிப் பத்தியாளராகவும் ஆனார்.

அடி வாங்குனா நல்லா எழுத வந்துடுமா? விளம்பரத்துக்குப் பண்ணதுதானே?

விளம்பரமும் உண்டு, மறுப்பதற்கில்லை. 'டெய்லி நியூஸ்' படம் பெரிதாகப் போட்டு விற்ற டேப்ளாய்ட். அதற்கு இது அல்வா. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் நிருபருக்கு, தரையில் விழுந்தவன் ஏன் உடனே எழாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாது. கோழை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். விழுந்து பார்த்தவருக்குத் தெரியும்: வலி அப்போது இல்லை, திசைதான் இல்லை.

பிறகு இதையே வழிமுறையாக வைத்துக்கொண்டார். பேஸ்பால் பந்துவீச்சாளர் ஹெர்ப் பெனாக் வீசிய கர்வ் பந்தைப் பிடித்துப் பார்த்தார், பாபி ஜோன்ஸோடு கோல்ஃப் ஆடினார், பின்னாளில் டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லரோடு நீந்தினார். பேஸ்பாலில் வளைந்து வரும் பந்து ஏன் மட்டையாளரைக் குலைக்கிறது? தலையைக் குறிவைத்து வருவதுபோல் வந்து கடைசி நேரத்தில்தான் விலகுகிறது. வளையும் என்று மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. இதையெல்லாம் 'தி ஃபீல்' என்ற கட்டுரையில் எழுதினார். கேலிக்கோவில் ஒன்றே ஒன்று படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம்.

ஜார்ஜ் ப்ளிம்ப்டன் 1960-களில் தொழில்முறை வீரர்களோடு களத்தில் இறங்கிப் பார்த்து எழுதிப் பெயர் பெற்றார். அந்த யோசனை கேலிக்கோவிடமிருந்து வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கோல்டன் க்ளவ்ஸ் போட்டியை ஆரம்பிச்சது இவரா, சிகாகோக்காரங்களா?

இரண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடும் விஷயம். 1923-இல் 'சிகாகோ ட்ரிப்யூன்' ஓர் அமெச்சூர் (பணம் வாங்காமல் ஆடுபவர்களுக்கான) குத்துச்சண்டைப் போட்டி நடத்தியது, அது தொடரவில்லை. 1927-இல் கேலிக்கோவின் யோசனையில் 'டெய்லி நியூஸ்' நியூயார்க்கில் 'கோல்டன் க்ளவ்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. அடுத்து சிகாகோவில் 'ட்ரிப்யூன்' விளையாட்டுப் பத்திரிகையாளர் ஆர்ச் வார்டின் முயற்சியில் அங்கும் அதே பெயரில் போட்டி வந்தது. இரண்டு நகரங்களின் வெற்றியாளர்களும் மோதும் வழக்கம் உண்டானது. வருடாந்தரப் போட்டியாக நிலைநிறுத்தியது நியூயார்க், அதற்கும் முன்பு ஒருமுறை நடத்திப் பார்த்தது சிகாகோ. இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

பத்திரிகைக்கு இதில் என்ன லாபம்? போட்டியில் இறங்குபவன் தெருவில் நம்மோடு சுற்றும் பையன். அவன் பெயரைப் பார்க்க மொத்தத் தெருவும் பத்திரிகை வாங்கும்.

அந்தக் காலத்துல யார் யாரை எல்லாம் நேர்ல பாத்திருப்பாரு?

1920-களின் அமெரிக்க விளையாட்டில் பெயர் தெரிந்த அத்தனை பேரையும் என்று சொல்லிவிடலாம். பேஸ்பாலில் பேப் ரூத், குத்துச்சண்டையில் டெம்ப்சியை வீழ்த்திய ஜீன் டன்னி, டென்னிஸில் பில் டில்டன், ஹெலன் வில்ஸ், 1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் ஈடர்லி. இவர்களைப் பற்றி 1965-இல் 'தி கோல்டன் பீப்பிள்' என்று தனிப் புத்தகமே எழுதினார். அது வயதான ஒருவர் பழைய நண்பர்களை நினைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். கூர்மை வேண்டுமானால் 1938-இல் வந்த 'ஃபேர்வெல் டு ஸ்போர்ட்' புத்தகத்துக்குப் போங்கள்.

நல்ல சம்பளத்துல இருந்தவர் ஏன் வேலையை விட்டாரு?

கதை எழுத. விளையாட்டுப் பத்தி எழுதிக்கொண்டே வார மாத இதழ்களுக்குச் சிறுகதை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கதையின் திரைப்பட உரிமை 5,000 டாலருக்குப் போனது. 1936-இல் அதை முதலாக வைத்துக்கொண்டு, நாட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய விளையாட்டு எழுத்தாளர்களில் ஒருவர் ராஜினாமா செய்தார். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் சால்கம் என்ற ஊரில் குன்றின் மேல் ஒரு வீடு எடுத்தார். கூட இருந்தவை ஒரு கிரேட் டேன் நாயும் இருபத்துமூன்று பூனைகளும். பூனைக் கதைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விடைபெறும்போது பதின்மூன்று வருடத்தைக் கணக்குத் தீர்ப்பதுபோல் எழுதியது 'ஃபேர்வெல் டு ஸ்போர்ட்' (1938). 'தி ஃபீல்' கட்டுரை இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

எண்பது தொண்ணூறு வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் புத்தகத்தை இப்போ யாரு படிப்பா?

ஆட்டங்களின் முடிவுக்காகப் படிக்க வேண்டாம். பணம் எப்படி ஆடியது என்பதற்காகப் படிக்கலாம். முக்கியமாக, பிரைமோ கார்னேரா பற்றிய அத்தியாயம்.

கார்னேரா இத்தாலியிலிருந்து வந்தவர். சர்க்கஸில் பலசாலி வேடம் கட்டிக்கொண்டிருந்த, ஆறரை அடி உயர மனிதர். அவரை நியூயார்க்கில் வளைத்துப் போட்டவர்களில் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் ஓனி மேடன் உண்டு. எதிராளிகளுக்குப் பணம் கொடுத்தோ மிரட்டியோ படுக்க வைத்து வெற்றி மேல் வெற்றி சேர்த்தார்கள். 1933 பிப்ரவரியில் கார்னேராவோடு மோதிய எர்னி ஷாஃப் அடிபட்டுச் சில நாளில் இறந்தார். அதே வருடம் ஜூனில் ஜாக் ஷார்க்கியை வென்று கார்னேரா உலக சாம்பியன். அடுத்த ஜூனில் மேக்ஸ் பேயர் அவரைத் திரும்பத் திரும்பத் தரையில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். சம்பாதித்ததில் பெரும்பகுதி கார்னேராவின் கைக்கு வரவே இல்லை.

கேலிக்கோ இங்கே கார்னேராவைக் கேலி செய்வதில்லை. தன் பலத்தால் ஜெயித்ததாகவே நம்பிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு, நிஜக் குத்து விழ ஆரம்பித்தபோது என்ன புரிந்திருக்கும் என்று யோசிக்கிறார். டெம்ப்சியிடம் விழுந்து பார்த்த கை எழுதியது என்று அந்தப் பக்கங்களில் தெரிகிறது. கல்லூரி ஃபுட்பாலில் 'அமெச்சூர்' என்ற பெயரில் நடந்த பொய்யைப் பற்றியும் அந்தப் புத்தகம் தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசுகிறது.

அவர் இனவெறி பிடிச்சவர், பெண்களை மட்டம் தட்டினவர்னு சொல்றாங்களே?

அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் அவர் எழுத்திலேயே இருக்கிறது. மழுப்ப முடியாது. அந்தக் காலத்தில் பேஸ்கட்பாலில் யூத வீரர்கள் நிறைய இருந்தார்கள். அந்த ஆட்டம் தந்திரத்துக்கும் ஏமாற்று அசைவுக்கும் இடம் தருவதால் அவர்கள் இயல்புக்குப் பொருந்துகிறது என்று 'ஃபேர்வெல் டு ஸ்போர்ட்'டில் எழுதினார். கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை ஒரு காட்டு விலங்கைப்போல வர்ணித்தார்.

பேப் டிட்ரிக்சன் விஷயம் இன்னும் நேரடி. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி வாங்கிய வீராங்கனை. அவர் பெண்மையையே கேள்விக்குள்ளாக்கும் தொனியில் அதே வருடம் 'வேனிட்டி ஃபேர்' இதழில் கேலிக்கோ எழுதினார். இதற்கு ஒரு பின்கதை சொல்வார்கள்: ஒலிம்பிக் சமயத்தில் பத்திரிகையாளர்களும் டிட்ரிக்சனும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது, விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் தூண்டிவிட்டு இவரையும் அவரையும் ஓட்டப்பந்தயம் விட வைத்தார், இவர் மூச்சு வாங்கித் தரையில் விழ, டிட்ரிக்சன் சாவகாசமாக ஜெயித்தார். அந்தக் கடுப்பு என்பது பலர் கணிப்பு. கடுப்போ இல்லையோ, எழுதியது எழுதியதுதான். அடிபட்டவனின் உடம்புக்குள் புகுந்து பார்க்கத் தெரிந்தவர், தன்னை ஜெயித்த பெண்ணின் உடம்பைப் பற்றி இப்படி எழுதினார் என்பது படிக்கும்போது உறுத்தத்தான் செய்யும்.

லூ கெரிக் படத்துக்குக் கதை இவர்தானா?

ஆமாம். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் லூ கெரிக் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடியவர். ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோயால் 1939-இல் ஓய்வு பெற்று 1941 ஜூன் 2 அன்று இறந்தார். மறு வருடம் கேரி கூப்பர் நடித்து 'தி ப்ரைட் ஆஃப் தி யாங்கீஸ்' வந்தது. அதன் மூலக்கதைக்காகக் கேலிக்கோ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை. கெரிக் பற்றித் தனியாகச் சிறு புத்தகமும் எழுதினார். படத்தில் பேப் ரூத் பேப் ரூத்தாகவே வருவார்.

'தி ஸ்னோ கூஸ்' உண்மைச் சம்பவமா?

கதை கற்பனை, பின்னணி நிஜம். முதலில் கதை. எசெக்ஸ் கடற்கரைச் சதுப்பில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் ஃபிலிப் ரயாடர் என்ற ஓவியர் தனியாக வாழ்கிறார். கூன் முதுகு, ஒரு கை சூம்பி வளைந்தது. ஊர் அவரைக் கண்டு ஒதுங்குகிறது. ஒரு நாள் ஃப்ரித்தா என்ற சிறுமி பயந்துகொண்டே வந்து, குண்டடிபட்ட ஒரு வெள்ளைப் பறவையை நீட்டுகிறாள். கனடாவிலிருந்து புயலில் அடித்துவரப்பட்ட பனிவாத்து அது. பறவை தேறுகிறது, வருடா வருடம் வந்து போகிறது. அது இருக்கும் காலத்தில் மட்டும் பெண்ணும் வருகிறாள். 1940-இல், இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் ராணுவம் மாட்டிக்கொண்ட செய்தி வர, ரயாடர் தன் சிறு பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு போகிறார். அவருக்கு மேலே அந்தப் பறவை பறந்துகொண்டிருந்ததாக, தப்பி வந்த சிப்பாய்கள் மதுக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

டன்கர்க் மீட்பு 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை நடந்தது. சுமார் 3,38,000 பேர் மீட்கப்பட்டார்கள். கரை ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கிட்டே வர முடியவில்லை. சிறு படகுகள் ஆட்களை ஏற்றிக் கொண்டுபோய்ப் பெரிய கப்பலில் விட்டன. ரயாடர் செய்வதும் அந்த வேலைதான். கதை அதே வருடம் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வந்தது. சம்பவத்தின் சூடு ஆறும் முன்பே.

ரயாடருக்கு மாதிரி என்று சொல்லப்படுபவர் பீட்டர் ஸ்காட். தென் துருவப் பயணத்தில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மகன், பறவை ஓவியர், 1930-களில் நீன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தில் வசித்தவர். ஊனம், தனிமை, மரணம் எல்லாம் கேலிக்கோ சேர்த்தவை. ஸ்காட் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நன்றாக வாழ்ந்தார். 1946 பதிப்புக்குப் படம் வரைந்து கொடுத்ததும் அவர்தான்.

அழ வைக்கணும்னே எழுதின கதைன்னு விமர்சனம் இருக்கே?

இருக்கிறது, அதில் பாதி நியாயமும் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் கண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிடுகிறார். ஆனால் சேறு, காற்று, படகு கட்டும் கயிறு, பறவையின் சிறகில் கட்டும் சிம்பு ஆகிய இடங்களில் ஒரு வார்த்தை மிகை இல்லை. உணர்ச்சி அங்கே நிற்கிறது.

அவர் இதற்கெல்லாம் சண்டைக்குப் போனதில்லை. தான் இலக்கியவாதி அல்ல, கதைசொல்லி மட்டுமே என்பார். இரண்டாயிரம் வருடம் முன்பு பிறந்திருந்தால் குகை குகையாகப் போய், பசிக்கிறது, சோறு போடுங்கள், பதிலுக்குக் கதை சொல்கிறேன் என்று கேட்டிருப்பேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார்.

கேமல் குழுவோட 'ஸ்னோ கூஸ்' ஆல்பம் இவர் அனுமதியோட வந்ததா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கேமல் 1975-இல் வெளியிட்ட அந்த ஆல்பத்தில் பாட்டே கிடையாது, முழுக்க வாத்திய இசை. கதையின் வரிகளை எடுக்கவில்லை. அட்டையில் 'கதையால் தூண்டப்பட்ட இசை' என்ற பொருளில் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். உரிமைச் சிக்கலைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது.

'ஜென்னி'யும் 'தி அபாண்டண்ட்'டும் ரெண்டு தனி நாவலா? ரெண்டையும் வாங்கிட்டேன்.

ஒரே நாவல்தான். பிரிட்டனில் 'ஜென்னி', அமெரிக்காவில் 'தி அபாண்டண்ட்'. இதே பொறி இன்னொன்று: அமெரிக்காவில் 'மிஸஸ் ஆரிஸ் கோஸ் டு பாரிஸ்', பிரிட்டனில் 'ஃப்ளவர்ஸ் ஃபார் மிஸஸ் ஹாரிஸ்'. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது பின்னட்டைக் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ('ஆரிஸ்' அச்சுப் பிழையல்ல, லண்டன் பாமர மக்கள் சொல்லின் முதலில் வரும் 'ஹ'வை விழுங்குவார்கள்.)

'ஜென்னி'யில் பீட்டர் என்ற சிறுவன் லண்டன் தெருவில் வண்டியில் அடிபட்டு வெள்ளைப் பூனையாக எழுகிறான். மனிதப் புத்தி, பூனை உடம்பு. ஜென்னி என்ற தெருப்பூனை அவனுக்குப் பூனையாக இருப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறது. முதல் விதி: சந்தேகம் வந்தால் உடம்பை நக்கிச் சுத்தம் செய். தவறு செய்தாயா, கூச்சமா, என்ன செய்வதென்று தெரியவில்லையா, உட்கார்ந்து நக்கு. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நக்குவதற்கு எந்தக் காலை முதலில் தூக்குவது, உடம்பை எப்படி வளைப்பது என்பதுவரை இருக்கிறது. கர்வ் பந்தைப் பிடித்துப் பார்த்து எழுதிய அதே மனிதர்.

மிஸஸ் ஹாரிஸ் படத்துல கவுன் திரும்பக் கிடைக்குது. நாவல்லயும் அப்படியா?

இல்லை. நாவலில் ஏடா ஹாரிஸ் லண்டனில் வீடு வீடாகச் சுத்தம் செய்யும் விதவை. ஒரு வீட்டு அலமாரியில் டியோர் உடையைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறாள். விலை 450 பவுன். கால்பந்துப் பந்தயச் சீட்டில் 102 பவுன் 7 ஷில்லிங் 9½ பென்ஸ் விழுகிறது. மிச்சத்தை டீ, சினிமா, பஸ் என்று ஒவ்வொன்றாக வெட்டிச் சேர்க்கிறாள். அப்போது பிரிட்டனிலிருந்து பணம் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால், தான் வேலை செய்யும் ஓர் அமெரிக்கர் வழியாக டாலராக மாற்றிக்கொள்கிறாள். திரும்பும்போது சுங்க அதிகாரியிடம் பெட்டியில் டியோர் கவுன் இருக்கிறது என்று உண்மையையே சொல்கிறாள். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்து அனுப்பிவிடுகிறார்.

ஊர் வந்ததும் இளம் நடிகை ஒருத்தி கடன் கேட்க, கொடுக்கிறாள். அது தீப்பற்றிக் கருகித் திரும்பி வருகிறது. வேறு கவுன் வருவதில்லை. பாரிஸில் பழகியவர்களிடமிருந்து பூக்கள் வருகின்றன. பிரிட்டிஷ் தலைப்பு அதைத்தான் சொல்கிறது. லெஸ்லி மேன்வில் நடித்த 2022 படம் இந்த முடிவை மாற்றியது. பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. நாவலின் முடிவு இதைவிட நல்ல முடிவு.

'லில்லி' படம் 1953, நாவல் 1954. படம் முதல்ல வந்துச்சு, அப்ப எது மூலம்?

இரண்டுக்கும் மூலம் 1950-இல் இதழில் வந்த சிறுகதை. டி.வி. பொம்மலாட்டம் ஒன்று அதற்குத் தூண்டுதல். அதிலிருந்து லெஸ்லி கேரன் நடித்த படம் வந்தது. பிறகு கேலிக்கோ அதையே விரித்து 'லவ் ஆஃப் செவன் டால்ஸ்' குறுநாவல் ஆக்கினார். படத்தை மனதில் வைத்துக்கொண்டு குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பொம்மைகள் வழியாக மட்டுமே அன்பு காட்டத் தெரிந்த கொடூரமான ஒருவனின் கதை. நாவல் படத்தைவிட ரொம்பவே இருட்டானது.

போசைடன்: படத்தைப் பாத்துட்டேன், நாவலும் படிக்கணுமா?

படம் (1972) வேறு அனுபவம் என்பதால் படிக்கலாம். அடிப்படை ஒன்றே: கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த பேரலையில் பயணக் கப்பல் தலைகீழாகிறது, தப்பிக்க வேண்டுமானால் அடிப்பாகத்தை நோக்கி மேலே ஏற வேண்டும். படத்தில் புத்தாண்டு இரவு, நாவலில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். 'குயின் மேரி' கப்பலில் போனபோது பெரிய அலை தாக்கிக் கப்பல் சாய்ந்து, சாப்பாட்டு அறையில் ஆட்களும் தட்டுகளும் உருண்டதை நேரில் பார்த்ததுதான் இந்தக் கதையின் விதை.

நாவலில் ஆட்கள் இவ்வளவு நல்லவர்கள் அல்ல. சிறுவன் ராபின் நடுவில் காணாமல் போகிறான், கடைசிவரை கிடைப்பதில்லை. எல்லா உயிரையும் பணயம் வைத்து ஏறி வெளியே வந்தால், வேறு வழியாகப் போன இன்னொரு கூட்டமும் பிழைத்து நிற்கிறது. வழிநடத்தும் பாதிரியார் ஸ்காட் முன்னாள் ஃபுட்பால் நட்சத்திரம். கடவுளிடம் அவர் பேசுவது கோச்சிடம் பேசுவதுபோலவே இருக்கும். விளையாட்டு வீரர்களின் தன்னம்பிக்கையைப் பதின்மூன்று வருடம் கிட்டே இருந்து பார்த்தவரின் குசும்பு அது.

எழுதுறதுன்னா நரம்பை வெட்டி ரத்தம் சிந்துறதுன்னு ஹெமிங்வே சொன்னதா பகிர்றாங்களே, இவர் சொன்னதாமே?

ஹெமிங்வே சொன்னதற்கு ஆதாரம் இல்லை. விளையாட்டுப் பத்தியாளர் ரெட் ஸ்மித் பெயரிலும் இதைப் போடுவார்கள். 1946-இல் வந்த 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஸ்டோரி ரைட்டர்' தொகுப்பில் கேலிக்கோ, நரம்பைத் திறந்து கொஞ்சம் ரத்தத்தைத் தாளில் விட்டால்தான் வாசகனோடு தொடர்பு உண்டாகும் என்ற பொருளில் எழுதினார். டைப்ரைட்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் வடிவம் பின்னால் பலர் வாயில் புழங்கி உருவானது. அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் அது எப்படிப் பிறந்தது, எந்த இதழ் திருப்பி அனுப்பியது என்று குறிப்பு இருக்கும். சிறுகதை எழுதப் பழகுபவர்களுக்குக் கதைகளைவிடக் குறிப்புகள் உபயோகம்.

எதுல ஆரம்பிக்கலாம்?

ஒரே மூச்சில் படிக்க 'தி ஸ்னோ கூஸ்'. சிரித்துக்கொண்டே படிக்க மிஸஸ் ஹாரிஸ். ஆனால் நியூயார்க், பார்லிமென்ட், மாஸ்கோ என்று தொடர்ந்த மூன்றும் படிப்படியாக இளைத்தவை, முதலாவதோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டமில்லை. வீட்டில் பூனை இருந்தால் 'ஜென்னி', பிறகு 'தாமசினா'. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட 'மேங்க்ஸ்மவுஸ்' (1968). ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங் தனக்குப் பிடித்ததாகச் சொன்ன புத்தகம். விளையாட்டுப் பத்திரிகையாளராக நினைப்பவர்கள் 'ஃபேர்வெல் டு ஸ்போர்ட்'டைத் தவிர வேறு எதிலும் ஆரம்பிக்க வேண்டாம். மேலே சொன்ன உறுத்தல்களையும் சேர்த்தே படியுங்கள்.

பழைய கதைதானே, தமிழ்ல மொழிபெயர்த்துப் போடலாமா?

கேட்காமல் போட முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை உண்டு. அவர் இறந்தது 1976. ஆக 2036 டிசம்பர் 31 வரை உரிமை வாரிசுகள் தரப்பில் இருக்கும். இலங்கையில் 70 வருடக் கணக்கு. 2046 முடிய வேண்டும். சுருக்கி எழுதுவது, நாடகமாக்குவது, குறும்படம் எடுப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். காசு வாங்காமல் போட்டால் பரவாயில்லை என்பது தவறான எண்ணம்.

அனுமதி கேட்பதானால் தற்போது அச்சில் இருக்கும் ஆங்கிலப் பதிப்பின் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே உள்ள பதிப்பகத்துக்கு எழுதினால், மொழிபெயர்ப்பு உரிமை யார் கையில் என்று சொல்வார்கள். எந்தக் கதை, எந்த மொழி, எத்தனை பிரதி, அச்சா மின்னூலா என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டே ஒரு கடிதம் வரும்.